தாய் வேலைக்குப் போவதும் ஊர் வாயும்

கிராமக் கூட்டங்களிலே அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. "தாய்மார் வேலை வேலையென்று வெளிக்கிட்டதால்தான் பிள்ளைகள் கெட்டுப் போகுதுகள்" என்பதே அது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, சந்தியில் நின்று பொழுது போக்கும் பையன், பதினாறு வயதில் கலியாணம் முடித்த பெண்பிள்ளை ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் தாய் வீட்டில் இல்லாததுதான் என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. கூட்டத்தின் பின்வரிசையில் இருக்கும் தாய்மார் இதற்கு மறுமொழி சொல்வதில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். போகாவிட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை.

இந்த முறைப்பாட்டை நாம் தட்டிக்கழிக்கவும் கூடாது, ஆராயாமல் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. இதற்குள்ளே நியாயமான கவலை ஒன்று இருக்கிறது. அநியாயமான பழி ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டோடு சும்மா இருந்த தாய் எவர்?

"எங்கட காலத்தில் பொம்பிளைகள் வீட்டோடு இருந்தவை" என்று சொல்வோர் தம்முடைய தோட்டத்தையும் வயலையும் மறந்துவிட்டே சொல்கிறார்கள். வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயம் நட்டவர்கள் யார்? அதைக் கிண்டி எடுத்துப் பிடிபிடியாகக் கட்டியவர்கள் யார்? புகையிலைக் கன்றுக்குக் குடத்தில் நீர் சுமந்து ஊற்றியதும், மிளகாய்ப்பழம் ஆய்ந்து வெயிலில் பரப்பியதும், வன்னி வயல்களில் களை பிடுங்கியதும், அரிவி வெட்டியதும், நெல் அவித்ததும், கச்சான் பிடுங்கியதும், கிடுகு பின்னியதும், ஆட்டுக்குக் குழை ஒடித்ததும் யார்? கைக்குழந்தையை வரம்போரத்து மரநிழலில் ஏணையில் போட்டுவிட்டுத் தாய் வேலை செய்வதை எமது கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கின்றன. அப்போது எவரும் "தாய் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் என்ன? அந்த வேலைக்குக் கூலி இல்லை. விளைச்சல் விற்ற காசு கணவன் கைக்கு வந்தது. கமக்காரர் என்று பதிவேட்டில் இருந்த பெயரும் கணவனுடையதே. மனைவி செய்தது "உதவி" எனப்பட்டது. உதவிக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை.

நாட்டின் புள்ளிவிபரங்களிலும் இந்த வழக்கத்தின் சாயலைக் காணலாம். இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் பத்துப்பேருக்கு ஏறத்தாழ ஏழுபேர் தொழிற்படையில் உள்ளவர்கள் என்றும், பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவிலேயே தொழிற்படையில் உள்ளனர் என்றும் அரசாங்கத்தின் மதிப்பீடுகள் ஆண்டுதோறும் கூறுகின்றன. சம்பளமின்றிக் குடும்பத் தொழிலில் உழைப்போர் என்ற பிரிவிலே பெரும்பான்மையினர் பெண்கள். சமையல், நீர் சுமத்தல், விறகு பொறுக்குதல், பிள்ளை வளர்ப்பு, நோயாளியைப் பராமரித்தல் ஆகியவை தொழில் என்ற கணக்கிலேயே சேர்வதில்லை. ஆகவே மீதி மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் சோம்பி இருக்கிறார்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் செய்யும் வேலைக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

இடப்பெயர்வு எதை மாற்றியது?

1990, 1995, 2006 தொடக்கம் 2009 வரை எனப் பல தடவைகளில் எமது விவசாயக் குடும்பங்கள் காணியை விட்டு எழும்பின. சில குடும்பங்கள் நாலு ஐந்து முறை எழும்பின. காணி போனதும் தாயின் வேலை நின்றுவிடவில்லை. வேலை செய்யும் இடமே மாறியது. சொந்தத் தோட்டத்தில் செய்த அதே வெங்காய வேலையை அடுத்தவர் தோட்டத்தில் நாட்கூலிக்குச் செய்ய வேண்டி வந்தது. நேற்றுவரை "இன்னார் வீட்டுக்காரி" என்று அழைத்த வாய், இன்று "கூலிக்குப் போறவள்" என்றது. குனிந்து களை பிடுங்கும் முதுகு ஒன்றுதான். சொல் மட்டும் மாறிவிட்டது.

இதனோடு இன்னுமொரு மாற்றமும் சேர்ந்தது. போரில் கணவனை இழந்தவர்கள், கணவன் காணாமற் போனவர்கள், கணவன் காயப்பட்டு உழைக்க முடியாமற் போனவர்கள் என்று பல தாய்மாருக்குக் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் வந்து சேர்ந்தது. நாடு முழுவதையும் எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ நாலு குடும்பத்துக்கு ஒரு குடும்பத்தின் தலைவர் பெண்தான். இவர்களிடம் "வேலைக்குப் போகலாமா?" என்று கேட்பது, தாகத்தால் தவிப்பவரிடம் "தண்ணீர் குடிக்கலாமா?" என்று கேட்பது போன்றதாகும்.

அதேவேளை கிடைத்துவந்த கூலி வேலையும் குறைந்தது. அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கியதும் அரிவி வெட்டும், சூடு மிதிப்பும் கையை விட்டுப் போயின. களைநாசினி வந்ததும் களை பிடுங்கும் நாட்கள் சுருங்கின. இவை பெரும்பாலும் பெண்களின் கூலி நாட்களாக இருந்தவை. இதனால் தாய்மார் ஊருக்கு வெளியே வேலை தேட நேர்ந்தது. ஆடைத் தொழிற்சாலை, கடை, வீதி வேலை, வீட்டு வேலை, மத்திய கிழக்கு நாடுகள் என்று பாதை நீண்டது. "வேலை மோகம்" என்று பெயரிடப்படுவதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த நெருக்கடியே.

2009 இன் பின்னர் வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் பணியில் எத்தனையோ பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுள் பிள்ளைகளின் தாய்மாரும் பலர். தலைக்கவசத்தோடு வெயிலில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக அவர்கள் துப்புரவாக்கிய நிலத்திலே இன்று பல குடும்பங்கள் மீண்டும் ஏர் பூட்டுகின்றன. "தாய்க்கு ஏன் இந்த வேலை?" என்று அவர்களையும் கேட்டவர்கள் உண்டு. அந்த வேலை நடக்காதிருந்தால் தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒருங்கே திரும்பிப் போகக் காணி இருந்திராது.

ஆசிரியைக்கு ஒரு சொல், கூலிக்காரிக்கு ஒரு சொல்

எமது சமூகம் வேலை செய்யும் தாயை வெறுக்கிறதா? உண்மையைச் சொன்னால் இல்லை. இலங்கைப் பாடசாலைகளில் கற்பிப்போரில் நால்வருக்கு மூவர் அளவில் பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படும் ஆசிரியையைப் பார்த்து "பிள்ளையைத் தவிக்க விட்டுப் போறா" என்று எவரும் சொல்வதில்லை. கலியாணச் சந்தையிலே அரசாங்க உத்தியோகப் பெண்ணுக்குத் தனி மதிப்பு. தாதியாக, கிராம அலுவலராக, வங்கி உத்தியோகத்தராக உள்ள தாயைப் பற்றியும் பெருமையாகவே பேசுகிறோம். 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமராகச் சிறிமாவோ பண்டாரநாயக்க இந்த நாட்டில் பதவியேற்றபோது அவர் மூன்று பிள்ளைகளின் தாய்.

ஆனால் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்குக் கிடைக்கும் பெயர் வேறு. 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர், அங்கு வேலைக்குப் போன சிங்களக் கிராமத்துப் பெண்களை அவர்கள் ஓட்டிய தையல் இயந்திரத்தின் பெயரான "ஜூகி" என்ற சொல்லைச் சேர்த்து இழிவாக அழைத்தார்கள். அந்தப் பெண்கள் அனுப்பிய காசில் கிராமத்து வீடுகளுக்கு ஓடு போடப்பட்டது, தம்பிமார் படித்தார்கள். ஆயினும் அவர்களுக்குக் கலியாணம் பேசும்போது "எங்கே வேலை செய்தவள்?" என்ற கேள்வி எழுந்தது. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது அதே கேள்வி தமிழில் கேட்கப்பட்டது. வாகனத்தில் ஏறிப் போய் இருட்டிய பின் வந்திறங்கும் பெண்ணைப் பற்றிச் சந்தியில் என்ன கதைக்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

ஆகவே ஊர் பார்ப்பது தாயின் வேலையை மட்டுமல்ல. வேலையின் அந்தஸ்தையே பார்க்கிறது. கதிரையில் இருந்து செய்யும் வேலை கௌரவம், முதுகு வளைந்து செய்யும் வேலை அவமானம் என்பது எமது பழைய நோய். உழைத்து உண்ணும் விவசாய மக்களாகிய நாம் இந்த நோய்க்கு இடங்கொடுப்பது எவ்வளவு பொருத்தமற்றது!

தகப்பனையும் தாயையும் அளக்கும் கோல்களும் வெவ்வேறு. தகப்பன் ஐந்து வருடம் வெளிநாட்டில் நின்றால் "பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிறார்" என்கிறோம். தாய் இரண்டு வருடம் போனால் "பிள்ளைகளை விட்டிட்டுப் போயிட்டாள்" என்கிறோம். அனுப்பும் காசுக்கு மட்டும் ஆண் காசு, பெண் காசு என்ற வேறுபாடு இல்லை.

ஊர்ப்பேச்சு விதியாகியபோது

மக்கள் மனப்பான்மை வெறும் பேச்சோடு நிற்பதில்லை. சில வேளைகளில் அது அரசாங்கத்தின் விதியாகவும் மாறும். இதற்கு எமது நாட்டிலேயே தெளிவான உதாரணம் உண்டு.

1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளிநாடு சென்றோரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றவர்கள். அவர்கள் அனுப்பிய பணம் நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்கியது. அதேவேளை "தாய் போனதால் குடும்பம் சீரழிந்தது" என்ற பேச்சும் ஓங்கியது. 2007 இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்க அமைச்சரவை முற்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை.

2013 ஜனவரியிலே மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு உள்ளானார். 2005 இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டில் அனுப்பப்பட்ட ஏழைப்பிள்ளை அவர். நாடே கலங்கியது. அதே ஆண்டு நடுப்பகுதியில் "குடும்பப் பின்னணி அறிக்கை" என்ற விதி வந்தது. வீட்டு வேலைக்கு வெளிநாடு போக விரும்பும் பெண் அதிகாரிகளிடம் தன் குடும்ப நிலையைக் காட்டி அறிக்கை பெறவேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. அதைவிட மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பராமரிப்பார் என்று காட்டவேண்டும். குறைந்த வயது சவூதிக்கு 25, ஏனைய மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23, மற்ற நாடுகளுக்கு 21 என்று வகுக்கப்பட்டது.

வயதெல்லையை உயர்த்தியதிலே பாதுகாக்கும் எண்ணம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தாய்மார் மீதான தடையை ஆராய்ந்து பார்ப்போம். வெளிநாடு செல்லும் தகப்பனிடம் இத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. போகவிடாமல் மறித்த தாய்க்கு ஊரிலே வேறு வேலை ஒழுங்கு செய்யப்படவும் இல்லை. கடன் அப்படியே இருந்தது. பிள்ளையின் பசியும் அப்படியே இருந்தது. இந்நிலையில் கதவு மூடியதும் தரகர்கள் யன்னலைத் திறந்தார்கள். சிலர் கையூட்டுக் கொடுத்து அறிக்கை பெற்றார்கள். சிலர் சுற்றுலா விசாவில், பணியகத்தில் பதியாமலே சென்றார்கள். பதியாமற் சென்ற பெண்ணுக்குக் காப்புறுதியும் இல்லை, துன்பம் நேர்ந்தால் முறையிட ஒப்பந்தமும் இல்லை. பிள்ளையைக் காக்க வந்த விதி, சில தாய்மாரை இன்னும் ஆபத்தான பாதைக்குத் தள்ளிவிட்டது. 2022 இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அரசாங்கம் இவ்விதிகளைத் தளர்த்திக் குறைந்த வயதை எல்லா நாடுகளுக்கும் 21 ஆக்கியது.

தாய்மாரை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்வது எமது நோக்கமல்ல. அங்கு நேரும் கொடுமைகளை எமது கிராமங்கள் நன்கு அறியும். நாம் சொல்ல வருவது வேறொன்று. தாயைத் தடுப்பது சுலபம், செலவும் இல்லை. தாய் போகத் தேவையில்லாதபடி ஊரிலே நியாயமான கூலியும் பிள்ளைப் பராமரிப்பும் ஏற்படுத்துவதே கடினம். நாடும் ஊரும் சுலபமானதைத் தெரிந்தெடுக்கும்போது, அதன் விலையைத் தாயும் பிள்ளையுமே கொடுக்கிறார்கள்.

மலைநாட்டுத் தோட்டங்கள் தரும் பாடம்

வன்னியில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் வேர் மலைநாட்டில் இருக்கிறது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எம்மோடு கமம் செய்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமாரின் கதை இங்கு கேட்கத் தக்கது.

தேயிலைத் தோட்டத்தில் தாய் வேலைக்குப் போகலாமா என்ற கேள்வியே இருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் கைகள் இல்லாமல் தோட்டம் இல்லை. ஆகவே நிர்வாகம் "பிள்ளைக் காம்பரா"வை அமைத்தது. கைக்குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய்மார் மலைக்கு ஏறினார்கள். பல இடங்களில் அந்த அறைகள் மோசமான நிலையில் இருந்தன என்பது உண்மை. ஆயினும் தாய் உழைக்கவேண்டுமானால் பிள்ளைக்கு ஓரிடம் வேண்டும் என்ற எளிய உண்மையைத் தோட்டம் ஒப்புக்கொண்டது.

கூலியிலோ நீதி இருக்கவில்லை. பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருந்தது. 1984 இல்தான் இருவருக்கும் சமமாக்கப்பட்டது. அதன் பின்னரும் ஆண்கள் தமக்குக் கொடுத்த வேலையை முடித்து நேரத்தோடு இறங்க, பெண்கள் மாலைவரை கொழுந்து பறித்தார்கள். மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கும் வழக்கமும் பல தோட்டங்களில் இருந்தது. வேலை மட்டும் பெண்ணை விடுவிக்காது என்பதற்கு இது சான்று. சமமான கூலி, உழைத்த காசு உழைத்தவர் கைக்கு வருதல், வீட்டு வேலையைப் பங்கிடுதல் ஆகிய மூன்றும் சேராவிட்டால், தாய்க்கு ஒரு சுமையின் மேல் இன்னொரு சுமை ஏறும்.

எமது கிராமங்களிலே வெங்காய அறுவடைக்கோ கச்சான் பிடுங்கவோ ஆட்களைக் கூப்பிடும்போது "ஆம்பிளைக் கூலி, பொம்பிளைக் கூலி" என்று இரண்டு சொல்கிறோமல்லவா? மண்வெட்டி பிடிப்பது கனமான வேலை என்று காரணம் கூறப்படுகிறது. காலை தொடக்கம் பின்னேரம் வரை குந்தியிருந்து களை பிடுங்குவது எந்த வகையில் இலேசான வேலை? கூலி கொடுக்கும் கமக்காரரும் எம்மவர், கூலி பெறும் தாயும் எம்மவர் என்றால், இதைத் திருத்த எவரிடமும் மனுக்கொடுக்கத் தேவையில்லை.

பிள்ளை பற்றிய கவலை

இனி அந்த நியாயமான கவலைக்கு வருவோம். தாய் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து நேரலாம் என்பது உண்மைதான். கட்டில்லாத கிணறு, மண்ணெண்ணெய்ப் போத்தல், பூச்சிநாசினி, பாம்பு, கெட்ட எண்ணம் கொண்ட மனிதர் ஆகிய எல்லாம் சுற்றிலும் உண்டு. இடம்பெயர்ந்த இடத்திலே பேரனும் பேர்த்தியும் விளையாடுவதைப் பார்த்துக்கொள்ளும் கிழவி இல்லை. அயலவர் புதியவர்கள். முன்பு ஊரே பார்த்த பிள்ளையை இப்போது ஒரு தாய் தனியே பார்க்கவேண்டியிருக்கிறது. "தாய் இல்லாததால் பிள்ளை கெட்டது" என்னும்போது, பேர்த்தியார் இல்லாததையும், அயல் இல்லாததையும், தகப்பன் கவனிக்காததையும் சேர்த்தே தாயின் தலையில் கட்டுகிறோம்.

இதிலே பெரிதும் பாதிக்கப்படுபவள் மூத்த மகள். தாய் வேலைக்குப் போனதும் சமையலும் தம்பி தங்கையும் அவள் பொறுப்பாகின்றன. முதலில் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகாமல் நிற்பாள். பிறகு கிழமைக்கு இரண்டு நாள். பிறகு நின்றே விடுவாள். பதினாறு பதினேழு வயதிலே கலியாணம். பத்து வருடத்தின் பின் அவளும் குறைந்த கூலிக்குப் போகும் ஒரு தாய். அண்ணன் வீட்டில் இருந்தாலும் உலைமூடியைத் திறக்கும் வேலை அவனுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு தலைமுறையின் வறுமை அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவது இப்படித்தான்.

ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தாய் நாலு மணிக்கு எழுந்தால் ஏழு மணிவரை நீர், சமையல், பிள்ளைகள். ஏழு தொடக்கம் நாலு வரை கூலி வேலை. பின்பு விறகு, சமையல், உடுப்புத் தோய்த்தல், படுக்கும்போது ஒன்பது மணி. பதினேழு மணித்தியாலங்கள். அதே கூலி வேலைக்குப் போய்வரும் தகப்பனின் வேலை நாலு மணியோடு முடிகிறது. தகப்பன் நீரையும் விறகையும் தன் பொறுப்பில் எடுத்தால் பிள்ளையோடு இருந்து கதைக்கத் தாய்க்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சும். பிள்ளை கெடாமல் இருக்க அந்த ஒரு மணித்தியாலம் பெரிதும் உதவும்.

சட்டம் தருவதும் தராததும்

தொழிற்சாலையிலோ கடையிலோ மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் தாய்மாருக்குச் சில உரிமைகள் உண்டு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939 தொடக்கம் இருக்கிறது. முன்பு மூன்றாம் பிள்ளை தொடக்கம் குறைவான லீவே கிடைத்தது. 2018 இன் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் லீவு உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு அறை இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கருவுற்றதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. இவற்றைப் பெறாதவர்கள் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். நாட்கூலிக்குப் போகும் தாய்க்கோ நடைமுறையில் இவை எட்டுவதில்லை.

ஊழியர் சேமலாப நிதியிலே தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். இந்நிதியை ஏற்படுத்திய 1958 ஆம் ஆண்டின் சட்டம், கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் தன் பணத்தை எடுக்கலாம் என்று தனியாக வகுத்தது. கலியாணம் ஆனால் பெண் வேலையை விடுவாள் என்பதே அக்காலத்தின் எண்ணம். பல பெண்கள் இப்படி எடுத்த பணத்தைக் கலியாணச் செலவில் கரைத்துவிட்டு, சில வருடங்களில் வெறுங்கையோடு மீண்டும் வேலை தேடினார்கள். அவசரப்பட்டு இப்பணத்தில் கைவைக்க வேண்டாம் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

காணி விடயத்திலும் கவனம் தேவை. குடியேற்றத் திட்டங்களில் பலரிடம் உள்ள பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்துக்கு உட்பட்டது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத இடத்து, அதன் மூன்றாம் அட்டவணை மகளுக்கு முன் மகனை வைத்தது. வயலில் உழைத்த மகள் வெறுங்கையோடு நின்றாள். 2022 இல் இந்த வேறுபாடு திருத்தப்பட்டது. எனினும் பின்னுரித்தாளரை இப்போதே பதிந்து வைப்பதே பாதுகாப்பு. பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் இதை விசாரியுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடலாம்.

நாமே செய்யக்கூடியவை

1. பிள்ளை பார்க்கும் முறை. ஓர் அயலில் பத்துத் தாய்மார் சேர்ந்து, நாளுக்கு இருவராக முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்தால், ஒருவர் ஐந்து வேலைநாளில் ஒரு நாள் மட்டும் நின்றால் போதும். மற்ற நாலு நாளும் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். முன்பள்ளிக் கட்டடமோ பொதுமண்டபமோ நிழலுள்ள கொட்டிலோ போதுமானது. கிணற்றுக்குக் கட்டு அல்லது மூடி, கொதித்தாறிய நீர், பிள்ளைகளின் பெயரும் தாயின் தொலைபேசி இலக்கமும் எழுதிய கொப்பி ஆகியவை கட்டாயம் வேண்டும். பிள்ளையைக் கூட்டிப் போக யார் வரலாம் என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். கூலி கொடுக்கும் கமக்காரர்கள் அறுவடைக் காலத்திலாவது மதியச் சோற்றுக்கு அரிசி கொடுக்கலாம்.

2. ஒரே வேலைக்கு ஒரே கூலி. போகத் தொடக்கத்தில் கமக்காரர் அமைப்பும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒன்றாக இருந்து கூலியைப் பேசி முடிவு செய்யலாம். கமக்காரர் அமைப்பிலே கணவன் பெயரில் மட்டும் அங்கத்துவம் இருந்தால் மனைவியும் சேர்ந்துகொள்ளட்டும். தனியே கமம் செய்யும் பெண் உரமானியக் கூட்டத்தில் பின்னுக்கு நிற்கத் தேவையில்லை.

3. காசு உழைத்தவர் கைக்கு. தாயின் பெயரிலே வங்கிக் கணக்கு இருக்கட்டும். செலவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். கடன் பத்திரத்தில் மட்டும் பெண்ணின் கையெழுத்து, காசு எண்ணும்போது ஆணின் கை என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

4. மூத்த மகளின் பள்ளிக்கூடம். பிள்ளை கிழமைக்கு ஒரு நாள் நிற்கத் தொடங்கும்போதே அயலவர் விசாரிக்க வேண்டும். வீட்டு வேலையைப் பையன்களுக்கும் பழக்குங்கள். சோறு வடிக்கத் தெரிந்த எந்தப் பையனும் அதனால் கெட்டுப்போனதில்லை.

5. பயணமும் பாதுகாப்பும். இருட்டிய பின் வந்திறங்கும் பெண்கள் பற்றிக் கதைப்பதை விட்டு, சந்திக்கு ஒரு விளக்குப் போடக் கேளுங்கள். வாகனம் ஒழுங்கை வாசல்வரை வர ஒழுங்கு செய்யுங்கள். வேலைத்தலத்தில் கங்காணியோ மேற்பார்வையாளரோ தொல்லை கொடுத்தால், அந்தப் பெண் அதைத் துணிந்து வீட்டில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "வேலையை விடு" என்பதே வீட்டின் முதல் மறுமொழியானால் அவள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அது உண்மையாயினும், ஊர் என்பதும் நாமே. தாய் போவதா நிற்பதா என்பதை அந்தத் தாயும் அவள் குடும்பமும் தீர்மானிக்கட்டும். அவள் போனால் பிள்ளைக்கு யார், நின்றால் அடுப்புக்கு எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதிலே ஊருக்குப் பங்குண்டு. அடுத்த போகம் தொடங்க முன்னர் உங்கள் அயலில் எத்தனை தாய்மார் கூலிக்குப் போகிறார்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், பகலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு வேலையைத் தொடங்கலாம்.